நிட்சேபம்

ஒரு ஏக்கர் பத்து சென்ட், நாகலூர் கிராமம்.
காப்பி, மிளகுக்கொடி, முப்பத்தொரு சில்வர் ஓக்.
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று:
கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் அடமானம்,
அதுவும் கட்டித் தீர்த்து ரத்து.
செபமாலை அதில் வரவில்லை.
செத்தவர்கள் வில்லங்கத்தில் வருவதில்லை.

ஊரடங்கு வருஷம்.
கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவராதே என்றது தெரு.
சொந்த மண்ணில்
மகன்கள் இரண்டு பேரும் தோண்டினார்களாம்.
ரேஷன் அட்டையில் பெயர் திருத்த வந்தவர்போல
இதைச் சொல்லி முடித்தார் லூர்துநாயகி.
கண்ணாடிக் கதவிடுக்கு வழியே
பனி உள்ளே வந்து ஜெராக்ஸ் மெஷின்மேல் உட்கார்ந்தது.

வாங்குகிறவர் குழந்தைவேல். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை.
"நாலு காட்டேஜ் கட்றேங்க. தங்க வர்றவன் காலையில
ஜன்னலைத் தொறந்தான்னா..."
முடிக்கவில்லை.
நல்ல மனிதர்தான், பேசிய விலையில் கை வைக்கவில்லை.

நீக்கி எழுதலாம் என்றேன்.
ஆறடிக்கு மூன்றடி, பதினெட்டு சதுர அடி.
சென்ட்டில் எவ்வளவு என்றால்
புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம் போட்டுத் தயங்குகிறது கால்குலேட்டர்.
நான்கெல்லை சொல்ல வேண்டும்:
மேற்படி பூமிக்கு வடக்கு, மேற்படி பூமிக்குத் தெற்கு,
மேற்படி பூமிக்குக் கிழக்கு, மேற்கு.
மேலே என்ன, கீழே என்ன என்று
எந்தப் படிவமும் கேட்பதில்லை.

சரி, பாதை?
மூன்றடி அகலம், ஆள் மட்டும் நடக்க,
வருஷத்துக்கு ஒரு முறை, கல்லறைத் திருநாளன்று
என்றார் குழந்தைவேல், பெருந்தன்மையாக.
நான் தட்டத் தொடங்கினேன்.
"எத்தனை தடவைன்னு எழுதாதீங்க," என்றார் அந்தம்மா.
"எழுதினா அத்தனை தடவைதான்."
இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
அந்த வரியை அழித்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி:
"பக்கத்துல எனக்கும் ஒரு எடம் விட முடியுமா?"
கிணற்றுக்கும் வீட்டுக்கும் தொண்ணூறு மீட்டர் தள்ளி இருக்கணும்,
பஞ்சாயத்து அனுமதி வேணும்,
நினைத்த இடத்தில் புதைக்க இப்போது விடமாட்டார்கள் என்றேன்.
"அளந்தாச்சு. அவரு தொண்ணூத்தி நாலு.
நான் கெணத்துப் பக்கமாப் படுத்தாலும் தொண்ணூத்தி மூணு வருது."
தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் பைப்பால்
அளந்திருக்கிறார்.
காட்டேஜ் எழும்பினால் அதுவும் வீடுதானே என்று
நான் சொல்லவில்லை.
குழந்தைவேல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பத்தி எப்போதும் ஒன்றுதான், ஒரே பொத்தானில் விழும்:
நிதி நிட்சேப ஜல தரு பாஷாண என்று நீளும்
சகலவித பாத்தியங்களும்.
யாரும் படிப்பதில்லை. நானே படித்து வெகுநாள்.
நிட்சேபம் என்றால் புதைத்து வைத்தது.
பானையோ பணமோ, அடியில் எது கிடந்தாலும்
வாங்குகிறவருக்கு.
நீக்கிய இடத்துக்கு அது பொருந்தாது,
சட்டப்படி ஒரு சிக்கலும் இல்லை.
இருந்தாலும் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டேன்.
மண்ணுக்கடியில் புதையல் ஏதும் இருந்தால்
குழந்தைவேல் மன்னிக்கட்டும்.

"ஒரு வார்த்தை விட்டுப்போச்சே," என்றார் பதிவு அலுவலகக் கிளார்க்.
"விட்டுப்போகலைங்க," என்றேன்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு
முத்திரை குத்தினார்.

காப்பிக்கறை ஏறிய விரலை மெஷின் மூன்று முறை மறுத்தது.
முந்தானையில் துடைத்து நாலாவது முறை வைத்ததும்
பச்சை விளக்கு.

நகலைக் கையில் வாங்கியதும் கேட்டார்,
"இதுல அவரு எந்தப் பக்கம்?"
அஞ்சாம் பக்கம், அடியில் என்று காட்டினேன்.
அந்தத் தாளின் மூலையை மட்டும்
சின்னதாக மடித்துவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார்.